பிரேக்கை மிதித்தால் அம்மன் சிரிக்கிறாள்

ஆறாம் அத்தியாயம்

“குத்தவாளி பேரு நந்தகுமார். அது எனக்கே தெரிஞ்சு போச்சுங்க. நீங்க வந்து ஆதாரத்தை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுத்தாப் போதும்” என்று சொல்லிவிட்டுத்தான் புதுச்சத்திரம் லாரி ஓனர் சாரதாமணி அம்மாள் போனை வைத்தார்.

கேட்டுக்கொண்டிருந்த காளியண்ணன் உடனே கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். கண்ணாடி போட்டால்தான் தனக்கு யோசனை வரும் என்பது அவர் நம்பிக்கை. சேலம் சூரமங்கலத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கும் கழுகுக்கண் துப்பறியும் நிலையத்துக்கு அவர்தான் நிறுவனர், தலைவர், கழுகு எல்லாம். ஜங்ஷனுக்கு ரயில் வரும்போது பெயர்ப்பலகை ஆடும். கீழே பன் வேகும்போது துப்பறிதல் தானாக நின்றுவிடும். வருகிற வழக்கு பத்தில் ஒன்பது மாப்பிள்ளை விசாரிப்பது. பத்தாவது வழக்குக்காகவே தான் பிறந்திருப்பதாக ஐம்பத்து நாலு வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கண்ணு, கிளம்பு. லாரி கேஸ். லைட்டு எரியலையாம். சதின்னு சொல்றாங்க.”

“லைட்டு எரியலைன்னா எலக்ட்ரீஷியனைத்தானே சார் கூப்பிடோணும்?” என்றாள் அவருடைய உதவியாளர் தமிழினி.

“எலக்ட்ரீஷியனுக்கு வயர் தெரியும். வஞ்சகம் தெரியுமா?”

தமிழினிக்கு வயரும் தெரியும். வெண்ணந்தூரில் தறிக்காரக் குடும்பம் அவளுடையது. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து நாலு வருடம் விசைத்தறி மோட்டார்களோடு மல்லுக்கட்டினாள். மோட்டார் வாய் திறந்து பேசாது, மனுஷன் பேசுவான், வேலை சுலபமாக இருக்கும் என்று துப்பறிய வந்தாள். மோட்டார் பொய்யும் சொல்லாது என்பது வந்த பிறகுதான் உறைத்தது.

இருவரும் அவளுடைய ஸ்கூட்டரில் புதுச்சத்திரம் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மணி இரண்டு. நெடுஞ்சாலை ஓரமாக, லாரிகள் நிறுத்தும் ஒரு பெரிய களம். நடுவில் நீளமான டிரெய்லர் லாரி ஒன்று, ஊர்க்குற்றம் எல்லாம் தன் தலையில் விழுந்த மாதிரி நின்றது. அதன் சக்கரத்தில் சாய்ந்தபடி நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் டிரைவர் நந்தகுமார். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் செல்போனும் கையுமாக சாரதாமணி அம்மாள். நாலு லாரிக்குச் சொந்தக்காரர். நாலையும் பெற்ற பிள்ளைகளாகவே பேசுவார்.

“வாங்க சாமி. மோர் குடிங்க. குடிச்சுட்டு இவனைப் புடிங்க.”

“புடிக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கம்மா” என்றார் காளியண்ணன், மோரை மட்டும் வாங்கிக்கொண்டு.

சாரதாமணி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலையில் நந்தகுமார் வந்து, மாசக் கடைசியில் நடக்கப்போகும் மச்சினன் கல்யாண வேலைக்குப் பத்து நாள் லீவு கேட்டிருக்கிறார். தூத்துக்குடிக்கு ஜவ்வரிசி லோடு நின்றதால் இவர் தரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தவர், ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பிரேக் போட்டார். டிரெய்லரின் பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. பின்னால் வந்த முட்டை வேன் நேராக வந்து முட்டிவிட்டது.

“ஆளுக்கு ஒண்ணும் ஆகலீங்க. ஆனா ரோடு பூரா ஆம்லெட்டு. வெயிலு வேறயா, பாதி வெந்தே போச்சு.”

“மிளகு தூவினாங்களா?” என்று தமிழினி கேட்டாள். காளியண்ணன் கண்ணாடி வழியாக முறைத்தார்.

“பட்டறைக்கு அனுப்பினேன். பட்டறைக்காரர் பேட்டரியை டிரெய்லருக்குப் பின்னாலயே தூக்கிட்டுப் போயி, ரெண்டு வயர் மாட்டி டெஸ்ட் பண்ணினாரு. எல்லா லைட்டும் ஜம்முன்னு எரியுது. இன்ஜின் இருக்குற முன்வண்டியில வேற டிரெய்லரை மாட்டினேன். அதுவும் எரியுது. ரெண்டுக்கும் நடுவுல போற கேபிளைக்கூடப் புதுசா மாத்தியாச்சு. திரும்ப இவன் கையில குடுத்தா எரிய மாட்டேங்குது. அப்ப யாரு பண்றது? லீவு குடுக்காத கோவத்துல இவன்தான் எங்கியோ ரகசியமா சுவிட்சு வெச்சிருக்கான். கேட்டா என்ன சொல்றான் தெரியுங்களா? டேய், நீயே சொல்லு!”

நந்தகுமார் தலையைத் தூக்கினார். “பிரேக்கை மிதிச்சா அம்மன் சிரிக்கிறாங்க.”

“என்னது?” என்றார் காளியண்ணன்.

“மிதிச்சா பின்னால லைட்டு எரியறதில்லீங்க. அதுக்குப் பதிலா கேபின்ல இருக்குற அங்காளம்மன் போட்டோவைச் சுத்தி இருக்குற லைட்டு லேசா எரியுது. காலை எடுத்தா அணைஞ்சு போகுது. சத்தியமுங்க.”

“பாத்தீங்களா? சாமியையும் கூட்டுச் சேத்துட்டான்” என்றார் சாரதாமணி. பிறகு போனை உயர்த்திக் காட்டினார். லாரி ஓனர்கள் வாட்ஸ்அப் குழு. நானூற்று அறுபது பேர். நந்தகுமாரின் போட்டோ, கீழே ‘முதலாளி வண்டியைக் கெடுக்கும் டிரைவர், யாரும் வேலை தர வேண்டாம்’ என்ற வாசகம். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

“ஏனுங்க இன்னும் அனுப்பலை?” என்றாள் தமிழினி.

“ராகு காலமுங்க அம்மிணி. மூணு மணிக்கு முடியுது. நல்ல காரியத்தை ராகு காலத்துல பண்ணக் கூடாது.”

தமிழினி மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். அந்தச் செய்தி குழுவுக்குப் போய்விட்டால் அவ்வளவுதான். சேலத்திலிருந்து நாமக்கல் வரை எந்தக் களத்திலும் நந்தகுமாருக்கு ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்க்கக்கூடக் கொடுக்க மாட்டார்கள். ஒன்பது வருடம் ஒரே வண்டியை ஓட்டின ஆளின் பிழைப்பு, ராகு புண்ணியத்தில் இன்னும் ஒரு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆளின் முகத்தில் அவளுக்குத் திருட்டு முழி தெரியவில்லை. அவமானம்தான் தெரிந்தது.

காளியண்ணன் கேபினுக்குள் ஏறினார். அங்காளம்மன் போட்டோவைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு அதன் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். அது வழக்கமாக அவர் பேப்பர் படிக்க உதவுவது.

“சிக்கிட்டான்!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “இங்க ஒரு சிவப்பு வயர். டேப் சுத்தின வயர். கம்பெனி போட்டது இல்ல!”

சாரதாமணி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். நந்தகுமார் மறுக்கவே இல்லை.

“அது நான் இழுத்ததுதானுங்க. பார்க்கிங் லைட்டு வயர்ல இருந்து எடுத்தேன். பொழுது சாய லைட்டைப் போட்டா அம்மனுக்கும் சேர்ந்து எரியட்டும்னு.”

“ஒத்துக்கிட்டான்!” சாரதாமணியின் கட்டைவிரல் போனை நோக்கிப் போனது.

“அம்மா, ராகு காலம்!” என்று தமிழினி ஒரு போடு போட்டாள். விரல் அப்படியே நின்றது. அவள் நந்தகுமாரிடம் திரும்பினாள். “அண்ணா, அந்த வயரை எப்ப இழுத்தீங்க?”

“ஏழு வருஷம் ஆச்சுங்க.”

“ஏழு வருஷமா பிரேக்குக்கு அம்மன் சிரிச்சாங்களா?”

“இல்லீங்க. இந்தப் பூஜைக்கு மறுநாள்ல இருந்துதான்.”

தமிழினி காளியண்ணனை ஓரமாகக் கூட்டிப்போனாள். “சார், வயரை அறுத்தா இருட்டு வரும். அருள் வராது. எரியக் கூடாத லைட்டு எரியுதுன்னா, அங்க கரண்டு போகுதுன்னு அர்த்தம். வழி தவறிப் போகுது. சதி பண்றவன் இவ்வளவு அழகாப் பண்ண மாட்டான்.”

“அப்போ வஞ்சகம் இல்லையா?” காளியண்ணனின் முகம் வாடிப்போயிற்று. பத்தாவது வழக்கு கைநழுவுகிறதே.

“பாக்கலாமுங்க. அண்ணா, ஏறி பிரேக்கை மிதிங்க!”

நந்தகுமார் ஏறி மிதித்தார். சாரதாமணியும் காளியண்ணனும் டிரெய்லரின் பின்பக்கம் ஓடினார்கள். இரண்டு பேரும் இருட்டான விளக்குகளை முறைத்துப் பார்த்தார்கள். தமிழினி மட்டும் எதிர்த்திசையில் நடந்து, வண்டியின் மூக்குக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே அம்மன் போட்டோவைச் சுற்றி மங்கலாக ஒரு வெளிச்சம். அது மட்டுமில்லை. முன்பக்கப் பார்க்கிங் விளக்கு இரண்டும் அதே சோகையோடு எரிந்தன. சுவிட்சு போடவே இல்லை. பட்டப்பகல் என்பதாலும், பிரேக் விளக்கு பழுதென்றால் உலகமே வண்டிக்குப் பின்னால் போய் நிற்கும் என்பதாலும், இத்தனை நாளாக முன்னால் வந்து யாரும் பார்க்கவில்லை.

“சார்! அம்மன் மட்டும் சிரிக்கல. முன்னால ரெண்டு பல்லும் தெரியுது!”

மணி இரண்டரை.

“சார், நீங்க மாப்பிள்ளை விசாரிக்கிறவரு. உங்க பாஷையிலயே சொல்றேன். மாப்பிள்ளையைத் தனியாப் பாத்தா தங்கம். பொண்ணைத் தனியாப் பாத்தாலும் தங்கம். சேர்த்து வெச்சா சண்டை. தப்பு யாரு மேல?”

காளியண்ணன் யோசிக்கவே இல்லை. “தரகர் மேல.”

“அதேதான். முன்வண்டி தங்கம், டிரெய்லர் தங்கம். நடுவுல ரெண்டையும் சேர்க்குற இடத்துலதான் கோளாறு.”

“கேபிளைத்தான் மாத்திட்டோமுங்களே” என்றார் பின்னால் வந்த சாரதாமணி.

“கேபிளு மாறிடுச்சுங்க. அது போயி மாட்டுற சாக்கெட்டு மாறலையே.”

தமிழினி தன் பையிலிருந்து ஒரு முழ நீளத்துக்குக் கனமான வயர் ஒன்றை எடுத்தாள். ஒரு முனையை டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் பிடித்தாள். மறுமுனையை முன்வண்டியின் சட்டத்தில் அழுத்தினாள். “இப்ப மிதிங்கண்ணா!”

பின்னால் விளக்குகள் பளீரென்று சிவந்தன. சாரதாமணி “அட!” என்றார். வயரை எடுத்தாள், இருட்டு. வைத்தாள், வெளிச்சம். காளியண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்த்தார்.

“லைட்டுக்குப் போன கரண்டு திரும்ப பேட்டரிங்கற தன் ஊட்டுக்கு வந்தாகோணுமுங்க” என்று தமிழினி விளக்கினாள். “அது திரும்பி வர்ற வாசலுக்குப் பேரு எர்த்து. அந்த வாசலை எதுவோ அடைச்சிருக்குது. வாசல் அடைச்சா என்ன பண்ணும்? பக்கத்து ஊட்டுக் கொல்லை வழியாப் பூந்து வரும். பிரேக் லைட்டுக்குப் போன கரண்டு பார்க்கிங் லைட்டு வயரைப் புடிச்சு முன்னால வந்து, அம்மன் ஊட்டைத் தாண்டித்தான் போகுது. போற வழியில லேசா எரிய வெச்சுட்டுப் போகுது. நந்தகுமார் அண்ணன் ஒரு வார்த்தை பொய் சொல்லலீங்க.”

கேபினில் இருந்த நந்தகுமார் ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். பன்னிரண்டு நாளாக அவர் பேச்சை நம்பின முதல் ஆள் இவள்தான்.

“அந்த வாசலை அடைச்சது யாரு? அதுவும் இவனாத்தான் இருக்கோணும்” என்றார் சாரதாமணி. ஆனால் குரலில் முன்பிருந்த இறுக்கம் இல்லை.

“அதை நான் பாக்கறேன்” என்று காளியண்ணன் முன்னால் பாய்ந்தார். டிரெய்லரின் முகப்பில், மூடி போட்ட உள்ளங்கை அளவு சாக்கெட். கேபிளை உருவினார். பூதக்கண்ணாடியோடு முகத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். அடுத்த நொடி “ஐயோ அப்பா!” என்று துள்ளி, தன் மூக்கைத் தானே அறைந்துகொண்டார்.

“ஷாக் அடிச்சுதுங்களா சார்?”

“கடிச்சுது கண்ணு!”

எறும்பு. சட்டத்தின் ஓரமாக ஒரு வரிசை ஏறி வந்து, சாக்கெட்டின் மூடிக்கடியில் நுழைந்து, திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. சந்தை நாளில் போகிற கூட்டம் மாதிரி.

தமிழினி எறும்புகளையே பார்த்தாள். “கரண்டுல இனிப்பு இருக்கறதா நான் படிச்ச டிப்ளமோவுல சொல்லித் தரலை சார்.”

ஏழு துளைகள் கொண்ட சாக்கெட். ஆறு துளை சுத்தம். ஏழாவதில், எர்த்துக்குரிய துளையில், பழுப்பு நிறமாக ஏதோ பிசின் மாதிரிக் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. அவள் சின்ன ஸ்குரூடிரைவரால் நெம்பினாள். பிசினோடு உள்ளங்கையில் வந்து விழுந்தது ஒரு அரைப் பொட்டுக்கடலை.

மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்த காளியண்ணன் அந்தப் பொட்டுக்கடலையைப் பார்த்தார். பிறகு கறுப்புக் கண்ணாடியை நிதானமாக மாட்டினார். இந்த முறை நிஜமாகவே யோசனை வந்திருந்தது.

“கண்ணு, வயர் உன் டிபார்ட்மென்ட். ஆளு என் டிபார்ட்மென்ட். நீ பேசாத” என்று காதோடு சொன்னார்.

மாப்பிள்ளை விசாரிக்கப் போகிறவர் ‘பையன் குடிப்பானா’ என்று கேட்க மாட்டார். ‘நல்ல பையனாமே, விசேஷம்னா எப்படிக் கொண்டாடுவான்’ என்றுதான் கேட்பார். காளியண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு சாரதாமணிக்கு எதிரில் உட்கார்ந்தார். மணி இரண்டே முக்கால்.

“ஏனுங்கம்மா, வண்டியெல்லாம் என்னமா பளபளன்னு வெச்சிருக்கீங்க. ஆயுத பூஜையும் பிரமாதமாப் பண்ணியிருப்பீங்களாட்ட இருக்குது?”

சாரதாமணியின் முகம் மலர்ந்துவிட்டது. “பண்ணாம இருப்பனுங்களா? நாலு வண்டியையும் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வெச்சு, பூசணிக்காய் சுத்தி, எலுமிச்சங்காய் ஏத்தி… ஜாக்கி, ஸ்பேனருக்குக்கூட விட்டுப் போகாம பொட்டு வெச்சேன்.”

“படையலு?”

“பொரி, பொட்டுக்கடலை, வெல்லம். நாங்க சாமிக்கு மட்டும் காட்டிட்டுத் திங்கற ஆளு இல்லீங்க. வண்டிக்கும் ஊட்டுவோம். வருஷம் முச்சூடும் நமக்குச் சோறு போடுற ஜீவன், அதுக்கு ஒரு வாய் குடுக்க வேண்டாமா?”

“நியாயம்தானுங்க. வண்டிக்கு எங்க ஊட்டுவீங்க?”

“இன்ஜின் இருக்குற வண்டிக்கு பானெட்டு மேல வெச்சுருவேன். டீசல் டேங்குல போட்டா இன்ஜின் போயிரும், அது எனக்குத் தெரியாதா?” என்று சாரதாமணி பெருமையாகச் சிரித்தார். “இந்த டிரெய்லருதான் பாவமுங்க. புதுசா வந்த பிள்ளை. இதுக்கு இதுதான் முதல் பூஜை. இன்ஜின் இல்ல, பானெட்டு இல்ல, டேங்கு இல்ல. வாயே இல்லாத ஜீவன். சுத்திச் சுத்திப் பாத்தேன். முன்னால சின்னதா மூடி போட்டு ஒண்ணு இருந்துச்சு. தொறந்தா வாயாட்டமே இருக்குது. அதுலதான் ஒரே ஒரு வாய்…”

அவர் நிறுத்தினார்.

தமிழினி உள்ளங்கையை நீட்டினாள். அதில் அரைப் பொட்டுக்கடலை. அதன் மேல் இன்னும் விடாமல் ஒரு எறும்பு.

சாரதாமணி பொட்டுக்கடலையைப் பார்த்தார். சாக்கெட்டைப் பார்த்தார். கேபினில் இருந்து இறங்கி நின்ற நந்தகுமாரைப் பார்க்க முடியாமல் மறுபடியும் பொட்டுக்கடலையைப் பார்த்தார்.

“வெல்லம் உருகி உள்ள எறங்கி, காஞ்சு கெட்டியாயிருச்சுங்க” என்று தமிழினி மெதுவாகச் சொன்னாள். “மத்த ஆறு துளையும் ஆளுக்கு ஒரு வேலையைத்தான் பாக்குது. இந்த ஒண்ணு வழியாத்தான் எல்லா லைட்டோட கரண்டும் ஊடு திரும்போணும். வாயின்னு நினைச்சு நீங்க ஊட்டினது அந்த வாசலுக்குங்க.”

காளியண்ணன் எழுந்து தமிழினி பக்கம் சாய்ந்தார். “இருபது வருஷ சர்வீஸ்ல கட்சிக்காரரே குத்தவாளி ஆனது இதுதான் முதல் தடவை. வஞ்சகம் இருந்துச்சா இல்லையா?”

“பாசம் இருந்துச்சு சார்.”

“அதுவும் வஞ்சகத்துக்குக் கொறைஞ்சதில்ல” என்றார் அவர், மூக்கைத் தடவிக்கொண்டு.

தமிழினி துளையைச் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துணியால் துடைத்து, கேபிளை அழுத்தி மாட்டினாள். நந்தகுமார் ஏறி பிரேக்கை மிதித்தார். பின்னால் ஊருக்கே தெரிகிற மாதிரி சிவப்பு. உள்ளே அங்காளம்மனைச் சுற்றி ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

“அம்மன் கோவிச்சுக்கிட்டாளா?” சாரதாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“கோவமெல்லாம் இல்லீங்க. பன்னெண்டு நாளா அவங்கதான் அண்ணனுக்காகச் சாட்சி சொல்லிட்டு இருந்தாங்க. நமக்குத்தான் புரியல. கேஸ் முடிஞ்சுது, சாட்சி ஊட்டுக்குப் போயாச்சு.”

சாரதாமணி அம்மாள் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நந்தகுமாரின் போட்டோவை அழித்தார். கீழே இருந்த வாசகத்தை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். எழுந்து போய், எறும்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்த சாக்கெட்டை ஒரு போட்டோ எடுத்தார். பிறகு வெறும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“இன்னும் என்னுங்கம்மா யோசனை?” என்றார் காளியண்ணன்.

“மூணு ஆகட்டுமுங்க. இதுதான் நிஜமாலுமே நல்ல காரியம்.”

மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு அந்தப் போட்டோவோடு அவருடைய குரலும் குழுவுக்குப் போனது. “எல்லாருக்கும் வணக்கமுங்க. என்ற வண்டி லைட்டைக் கெடுத்தது யாருன்னு கண்டுபிடிச்சாச்சு. அது நானுங்க. பூஜை அன்னிக்குப் பொரி ஊட்டி எர்த்தை அடைச்சுப் போட்டேன். நந்தகுமார் தங்கமான டிரைவரு. நாளையில இருந்து பத்து நாளு மச்சினன் கல்யாணத்துக்குப் போறான். அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடாதீங்க. அவன் என்ற டிரைவரு.”

நந்தகுமார் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

போன் டிங் என்றது. வரிசையாக டிங் டிங் என்றது. சாரதாமணி ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க அவர் புருவம் மேலே ஏறிக்கொண்டே போனது.

“என்னுங்க, சிரிக்கிறாங்களா?” என்றாள் தமிழினி.

“இல்ல அம்மிணி. ராசிபுரத்துல ஒருத்தர், ‘அக்கா, நாங்களும் டிரெய்லருக்கு ஊட்டினோம், எங்களுக்கும் லைட்டு எரியல’ங்கறாரு. மல்லூர்ல ஒருத்தர், ‘நாங்க டிரைவரை மாத்தியே போட்டோம்’ங்கறாரு. அந்த முட்டை வேன்காரரு, ‘எத்தனை துளை, எந்தத் துளைன்னு அம்புக்குறி போட்டு அனுப்புங்க’ன்னு கேக்கறாரு. மொத்தம் பதினோரு பேரு கழுகுக்கண்ணு நம்பரு கேக்கறாங்க.”

காளியண்ணன் கறுப்புக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். பத்தாவது வழக்கு ஒரே நேரத்தில் பதினொன்றாக வந்து நின்றது.

“கண்ணு, ஸ்குரூடிரைவர் இருக்குதல்லோ?”

“இருக்குதுங்க சார். உங்க மூக்குக்குத்தான் மருந்து வாங்கோணும்.”

ஸ்கூட்டர் களத்தைத் தாண்டும்போது தமிழினி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சாரதாமணி டிரெய்லருக்குப் பின்னால் நின்று கையை ஆட்டி ஆட்டி, “மிதி… இன்னொரு தடவை மிதி!” என்று கத்திக்கொண்டிருந்தார். நந்தகுமார் மிதித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் பின்னால் விளக்குகள் தவறாமல் சிவந்தன. அம்மன் சிரிக்கவில்லை, நந்தகுமார்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.